கதவில் மிஞ்சிய எழுத்துகள்

காரின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரை வண்ணம் கெடாமல் எடுப்பது பற்றி ஒரு நீண்ட பதிவு எழுதப்போகிறேன் என்றதும் ஆய்வகத் தோழர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். துறைமுக நீரில் தொங்கவிட்ட தகடுகளின்மேல் கொட்டலசு எவ்வளவு உறுதியாகப் பற்றியிருக்கிறது என்பதை அளப்பதுதான் என் நான்காண்டு வேலை. படகின் அடிப்புறத்திலும் படகுத்துறைத் தூண்களிலும் சுண்ணாம்புக் கூடு கட்டி அமர்ந்துவிடும் அந்தச் சிற்றுயிரைப் பக்கவாட்டில் தள்ளி, அது விடுபடும் கணத்தின் விசையைக் குறித்துக்கொள்வோம். இதற்கென்று ஏஎஸ்டிஎம் டி 5618 என்னும் தரமுறையே உண்டு. ஆனால் விசையின் அளவைவிட என்னை அதிகம் யோசிக்க வைப்பது அதற்கு அடுத்த பத்தியில் எழுதவேண்டிய குறிப்பு: எது, எந்த இடத்தில் அறுந்தது? கூடு முழுதாக வந்ததா, அடித்தட்டு மட்டும் தகட்டிலேயே தங்கிவிட்டதா, அல்லது போகிற போக்கில் வண்ணப்பூச்சையும் பெயர்த்துக்கொண்டு போயிற்றா? கார்க் கதவில் இருக்கும் ஸ்டிக்கரிடம் கேட்கவேண்டியதும் இதே கேள்விதான்.

இந்த ஸ்டிக்கருக்கு நம்மவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ரேடியம்’. எழுத்துகளை வெட்டி ஒட்டித் தருகிற கடைக்கு ரேடியம் கட்டிங் கடை. ரேடியம் என்னும் தனிமத்துக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை. இருளில் ஒளிரும் கடிகார முட்களுக்கு ஒருகாலத்தில் ரேடியம் கலந்த பூச்சு பூசினார்கள். அந்த நினைவு ஒளியைத் திருப்பியனுப்பும் ஸ்டிக்கருக்கும், பிறகு ஒட்டக்கூடிய எல்லாப் படலத்துக்கும் தொற்றியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். உண்மையில் அது பிவிசி படலம். அதன் முதுகில் ஒரு மெல்லிய பசைப் பூச்சு. அந்தப் பசைக்குக் காவலாகச் சிலிக்கோன் தடவிய காகிதம். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் சொல்லும் உவமைக்கு அந்தக் காகிதத்தைக் காட்டலாம். எதையும் பற்றிக்கொள்ளும் பசைகூட அதன்மேல் ஒட்டாமல் கிடக்கிறது.

இந்த நாட்டில் வண்டிகளின் ஸ்டிக்கர்கள் கூட்டம் கூட்டமாக உரிக்கப்பட்ட காலங்கள் உண்டு. 2012 ஏப்ரல் 27 அன்று கார்க் கண்ணாடிகளில் கறுப்புப் படலம் ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சாலையோரங்களில் காவலர்களே நின்று உரித்தார்கள். பின்கண்ணாடியில் பனி நீக்கும் மெல்லிய வெப்பக் கோடுகளையும் சேர்த்துச் சுரண்டிப் போட்டவர்கள் பலர். பிறகு 2024 மே 2 முதல், நம்பர் பலகையிலும் வண்டியிலும் ‘பிரஸ்’, ‘போலீஸ்’, ‘அட்வகேட்’ என்றெல்லாம் தகுதியின்றி ஒட்டிக்கொள்வோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது. முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500 ரூபாய். அந்த வாரம் சென்னை நண்பர்கள் பலர் எனக்கு அனுப்பிய படங்களில், எழுத்து போயிருந்தது. எழுத்து இருந்த இடத்தில் பிளேடின் கீறல் இருந்தது. அபராதத்தைவிடக் கீறலுக்கு ஆகும் செலவு அதிகம் என்பது அவர்களுக்குப் பிறகு தெரிந்திருக்கும்.

எங்கள் தீவில் ஸ்டிக்கர் உரிப்பதற்கு வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 2018 டிசம்பர் 30 அன்று ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவாகவும், நீல் தீவு ஷாஹீத் தீவாகவும், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தீவாகவும் பெயர் மாறின. 2024 செப்டம்பர் 13 அன்று போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1789இல் இங்கே குடியேற்றம் அமைத்த ஆர்ச்சிபால்ட் பிளேரின் பெயர் வரைபடத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. வண்டிக் கதவுகளுக்கு அரசாணை கிடையாது. சுற்றுலா வண்டிகளின் கதவுகளில் பழைய பெயர்களும் புதிய பெயர்களும் இன்னும் கலந்தே ஓடுகின்றன. பயணிகள் கேட்பது பெரும்பாலும் பழைய பெயரைத்தான் என்பதால் அவசரமும் யாருக்கும் இல்லை.

எனக்குத் தெரிந்த ஓட்டுநர் அண்ணன் ஒருவருக்கு அவசரம் இருந்தது. பெயர் வேண்டாம், அண்ணன் என்றே சொல்கிறேன். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் கப்பலேறியவர்கள். இவர் இங்கேயே பிறந்தவர். ஏழு பேர் அமரும் சிவப்பு வண்டி ஒன்று வைத்திருந்தார். 2017இல் வாங்கிய அன்றே, அவர் சேர்ந்து ஓட்டிய ஒரு சுற்றுலா முகவாண்மை நான்கு கதவுகளிலும் தன் பெயரையும், கீழே ‘போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல்’ என்ற வரிசையையும் வெள்ளை ஆங்கில எழுத்துகளில் ஒட்டிவிட்டது. அந்த முகவாண்மை இன்றில்லை. மகளுக்குச் சென்னையில் கல்லூரி இடம் கிடைத்துவிட்டது, பணம் கட்டவேண்டும், வண்டியை விற்க முடிவு செய்தார். ரங்கத்திலிருந்து வந்து பார்த்தவர் நாலு லட்சத்துக்கு ஒத்துக்கொண்டார். கதவுகள் சுத்தமாக இருக்கவேண்டும், வண்ணம் அடிக்க வேண்டியிருந்தால் நாற்பதாயிரம் குறைத்துக்கொள்வேன் என்பது அவர் நிபந்தனை. முதல் தவணைக் கட்டணமும் ஏறக்குறைய அந்த நாற்பதாயிரம்தான்.

அண்ணனின் பயத்துக்கு முகாந்திரம் இருந்தது. அவருடைய கூட்டாளி ஒருவர் அதற்கு முந்தைய மாதம் ஒரு பட்டறையில் வண்டியை விட்டிருந்தார். தின்னரில் நனைத்த வேஸ்ட் துணியால் தேய்த்து, மிச்சத்தைப் பிளேடால் சீவி, அரைமணி நேரத்தில் வேலையை முடித்துத் தந்தார்கள். ஸ்டிக்கர் போயிற்று. கூடவே பளபளப்பும் போய்க் கதவு பால் தெளித்தாற்போல் வெளுத்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்துதான் அண்ணன் என்னிடம் கேட்டார்: “நீங்க ஒட்டுறதப் பத்தித்தான படிக்கிறீங்க தம்பி, பிரிக்கிறதும் அந்தப் படிப்புல வரும்ல?”

வரும்தான். மாணவர்கள் படிப்பீர்கள் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் பூச்சு. தொழிற்சாலையிலிருந்து வரும் கதவில் நாம் தொடுவது நிறத்தை அன்று. இரும்புத் தகட்டின்மேல் மின்முறையில் படியவைத்த அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதற்குமேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். நான்கும் சேர்ந்து 100 முதல் 130 மைக்ரான் அளவுதான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், இரண்டு முடி தடிமன்கூட இல்லை. இதில் கிளியர் கோட்டின் பங்கு 40 மைக்ரான் சுமார். வெயிலைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் அதற்குள் கலந்திருக்கின்றன. பளபளப்பு, நிறத்தின் ஆயுள், தண்ணீர் உள்ளே இறங்காத காப்பு, எல்லாம் அந்த ஒரு படலத்தின் தயவு. பட்டறையில் பட்டி பார்த்து மறுபடி அடித்த கதவின் கதை வேறு. தொழிற்சாலையில் உடல் முழுவதையும் 140 டிகிரி அளவில் சுட்டு இறுக்குவதுபோல் இருக்கை, ஒயர் எல்லாம் பொருத்திய வண்டியைச் சுட முடியாது. ஆகவே அந்தப் பூச்சு பெரும்பாலும் கொஞ்சம் மிருதுவாகவும், அடித்தளத்தோடு கொஞ்சம் தளர்வாகவும் இருக்கும். ஸ்டிக்கரோடு வண்ணமும் கையோடு வந்துவிடுவது அநேகமாக இப்படிப்பட்ட கதவுகளில்தான்.

அடுத்து பசை. தமிழில் பசை என்றால் கோந்து. அன்புக்கும் அந்தச் சொல் உண்டு. பேச்சுவழக்கில் ‘பசையுள்ள ஆள்’ என்றால் பணக்காரன். சுவரொட்டிக்கு மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் போட்டுக் கிண்டுகிறோமே, அது காய்ந்தால் இறுகும் பசை. தண்ணீர் கண்டால் இளகிவிடும். தேர்தல் பணிக்கு எடுத்த வண்டிகளில் ஒட்டும் காகிதத் துண்டுகளுக்குக்கூட ஈரத்துணியைப் போர்த்திக் காத்திருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ரேடியத்தின் பசை அந்த வகையன்று. அது ஒருநாளும் காய்வதில்லை. திரவம்போல் மேடுபள்ளங்களில் பரவி, திடப்பொருள்போல் இழுவையைத் தாங்கும் ஓர் இடைநிலைப் பொருள். அழுத்தினால் ஒட்டும், அவ்வளவே.

மாஸ்கிங் டேப் பிறந்ததே கார் வண்ணம் உரிந்துபோன வருத்தத்தில்தான் என்பது எனக்குப் பிடித்தமான வரலாறு. 1920களில் அமெரிக்காவில் இரண்டு நிறக் கார்கள் நாகரிகமாக இருந்தன. ஒரு நிறத்தை அடித்துவிட்டு, அதைக் காகிதமும் பசையும் கொண்டு மூடி, மற்ற நிறத்தை அடிப்பார்கள். காகிதத்தைப் பிரித்தால் புதிய வண்ணமும் பிய்ந்து வரும். செயின்ட் பால் நகரத்துப் பட்டறை ஒன்றில் பெயின்டர்கள் திட்டித் தீர்ப்பதைக் கேட்ட 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ, ஒட்டவும் வேண்டும், சேதமில்லாமல் பிரியவும் வேண்டும் என்று முயன்று 1925இல் மாஸ்கிங் டேப்பைச் செய்தார். 1935இல் ஸ்டான்டன் ஏவரி தானே ஒட்டும் லேபிளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆக, பிரிப்பது என்பது ஒட்டுவதற்குப் பின்னால் வந்த கவலையன்று. மாஸ்கிங் டேப் தொடங்கியதே அந்தக் கவலையில்.

பசையின் பிடி எங்கிருந்து வருகிறது? வண்ணத்துக்கும் பசைக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் வாண்டர்வால்ஸ் ஈர்ப்பு என்னும் மிக மெலிந்த விசைதான். சதுர மீட்டருக்கு 0.1 ஜூல்கூட வராத ஆற்றல். ஆனால் உரிக்கும்போது அளந்தால் நூற்றுக்கணக்கான ஜூல் செலவாகிறது. அந்த வித்தியாசம் முழுவதும் பசை நூல் நூலாக இழுபட்டு, நீண்டு, உள்ளுக்குள் உராய்வதில் போகிறது. பலாப்பழம் அரிந்த கையை விரித்துப் பார்த்தவர்களுக்கு அந்த நூல்களைத் தெரியும். வேகமாக இழுத்தால் நூல்கள் முரண்டுபிடிக்கும். மெல்ல இழுத்தால் விட்டுக்கொடுக்கும். ஆகவே உடும்புப்பிடியை முறியடிக்க வேண்டியது பலத்தால் அன்று. வேகத்தைக் குறைத்தாலே தேவைப்படும் விசை குறைகிறது. இழுக்கும் கோணமும் அப்படியே. கதவுக்குச் செங்குத்தாக இழுப்பதைவிட, படலத்தை அதன் முதுகின்மேலேயே மடித்து கதவோடு ஒட்டினாற்போல் பின்னோக்கி இழுத்தால் போதுமான விசை ஏறத்தாழப் பாதிதான். அடிப்பூச்சை மேல்நோக்கிப் பிடுங்கும் இழுப்பும் அப்போது குறையும்.

வெப்பத்தில்தான் நுட்பம் இருக்கிறது. ‘சூடு காட்டு, வந்துவிடும்’ என்பார்கள். பாதி உண்மை. குளிர்ந்த நிலையில் பழைய பிவிசி அப்பளம்போல் நொறுங்கும். சூடு காட்டினால் இளகி வளையும். ஆனால் சூடு மிகுந்தால் பசை தனக்குள்ளேயே இரண்டாகப் பிளக்கும். பாதி படலத்தோடு வரும். மீதி கதவிலேயே தங்கி, அதை எடுக்க இன்னொரு நாள் ஆகும். வேண்டியது இடைப்பட்ட ஒரு வெதுவெதுப்பு. தொட்டால் சுடுகிறது, ஆனால் கையை எடுக்காமல் வைத்திருக்க முடிகிறது என்ற நிலை; 45 முதல் 50 டிகிரி இருக்கலாம்.

இங்கே தீவின் கணக்கு வருகிறது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு ஓடுகிறது; நாங்கள் இருப்பது 92.7 பாகைக்கு அருகில். கடிகாரத்தைவிடச் சூரியன் 40 நிமிடம் முந்திக்கொள்கிறது. கோடையில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும். எட்டு மணிக்குள் கதவின் இரும்பு எனக்கு வேண்டிய வெதுவெதுப்புக்கு வந்துவிடும். பத்து மணிக்குமேல் அந்த அளவைத் தாண்டிவிடும். ஹேர் டிரையர் இருந்தது, அதிகம் தேவைப்படவில்லை. கிழக்கு பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு காலையும் ஒரு கதவு என்று நான்கு நாள் திட்டம் போட்டோம். ஒரே நாளில் முடித்துவிடலாமே என்றார் அண்ணன். நாற்பதாயிரத்தை நினைவூட்டினேன். நாலு நாளே ஆகட்டும் என்றார்.

எது பழைய பூச்சு, எது பட்டறைப் பூச்சு என்று முதலில் தெரியவேண்டும். ஆய்வகத்தில் தகடுகளின் பூச்சுத் தடிமனை அளக்கும் சிறிய காந்தக் கருவி உண்டு. வழிகாட்டியிடம் அனுமதி கேட்டு ஒரு மாலை எடுத்துவந்தேன். நான் கருவியை வைப்பதற்கு முன்பே அண்ணன் சொல்லிவிட்டார்: “வலது பின்கதவு மட்டும் அடிச்சது தம்பி. சாத்தத்துல பேம்பூ ஃபிளாட் படகுல ஏத்துறப்போ கம்பி உரசிருச்சு.” மூன்று கதவுகள் 110 முதல் 120 மைக்ரான் காட்டின, வலது பின்கதவு 260. பட்டியின் பருமன் அது. கருவி சொன்னதும் அவர் நினைவு சொன்னதும் ஒன்றே. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் அறிவுரை, கருவி தேடுவதற்குமுன் ஓட்டுநரைக் கேளுங்கள் என்பதுதான்.

தொடங்கும்முன் கழுவவேண்டும். எல்லா ஊருக்கும் இது பொருந்தும். கடலோரத்துக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். உப்புப் படிவமும் மணலும் இருக்கும் கதவின்மேல் துணியால் தேய்த்தால் அது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். ஷாம்பு கலந்த நீரால் இரண்டு முறை கழுவித் துடைத்தோம்.

எழுத்தின் ஒரு முனையை நகத்தால் கிளப்பினேன். நகம் முடியாத இடத்தில் காலாவதியான ஏடிஎம் அட்டை. கருவி எதுவாயினும் கிளியர் கோட்டைவிட மிருதுவாக இருக்கவேண்டும் என்ற ஒரே விதிதான். பிளேடுக்கும் ஸ்கூருடிரைவருக்கும் அதனால்தான் இடமில்லை. முனை கிளம்பியதும் மடித்து, நொடிக்குச் சில மில்லிமீட்டர் என்ற அளவில் இழுக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு இது பெரும் சோதனை. அண்ணனின் மகள் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, எறும்பு ஊர்வதைப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். முன்கதவுகள் இரண்டிலும் பெரும்பாலான எழுத்துகள் முழுதாக வந்தன. இடது பின்கதவில் வெயில் அதிகம் தின்றிருந்தது. பிவிசிக்கு வளைவு தரும் மென்மையூட்டி எண்ணெய் ஆண்டுக்கணக்கில் வெளியேறி, படலம் முட்டையோடுபோல் நொறுங்கியது. வெளியேறியதில் ஒரு பங்கு பசைக்குள்ளும் இறங்கியிருக்கும். அதனால் பசை கொழகொழவென்று ஆகியிருந்தது. மலிவான படலங்களின் முதுமை இப்படித்தான்.

மிஞ்சிய பசைக்கு எதைப் போடுவது? தனியாக இதற்கென்று விற்கும் திரவங்களைச் சென்னையிலிருந்து வரவழைக்கலாம் என்று நினைத்தேன். எளிதில் தீப்பற்றும் திரவம் விமானத்தில் ஏறாது. கப்பலில் மூன்று நாள், அதற்குமுன் சரக்குக்காகக் காத்திருப்பு. கையில் இருப்பதைக் கொண்டு செய்வதே தீவின் பழக்கம். பசை எண்ணெய்த்தன்மை கொண்டது. ஒத்தது ஒத்ததைத்தான் கரைக்கும், தண்ணீருக்கு அது மசியாது. தின்னரும் நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனும் பசையைக் கரைக்கும், சந்தேகமில்லை. ஆனால் பட்டறைப் பூச்சையும் விட்டுவைக்காது. நமக்கு வேண்டியது பசையை ஊறவைத்து, பூச்சைத் தொடாமல் விடுகிற ஒன்று. முதலில் தேங்காயெண்ணெய். அந்தமானில் அதற்கு என்ன குறை? இங்கே அது உறைவதும் அபூர்வம். பஞ்சில் நனைத்து எழுத்தின்மேல் ஒத்தி இருபது நிமிடம் விட்டோம். மெல்லிய படிவம் கட்டைவிரலால் உருட்ட உருண்டு வந்தது. தடித்த படிவத்துக்கு அது போதவில்லை; மருந்துக்கடையிலிருந்து நீலகிரித் தைலம் வாங்கினேன். யூகலிப்டஸில் உள்ள சினியோல் நல்ல கரைப்பான். துணியில் நனைத்து ஒற்ற வேண்டும். கதவில் நேராக ஊற்றக்கூடாது. பம்பர், விளக்கு உறை போன்ற பிளாஸ்டிக்கில் படாமல் பார்க்கவேண்டும். அருகில் பீடி கூடாது. கதவைத் திறந்து உட்புற விளிம்பில் ஒரு சொட்டு வைத்து, ஐந்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணியில் சிவப்பு ஏறவில்லை. அதன் பிறகே எழுத்துக்குப் போனேன்.

வலது பின்கதவுக்குத் தைலம்கூட வேண்டாம் என்று முடிவு செய்தேன். அங்கே எண்ணெயும் பொறுமையும் மட்டும். பிறகு ஒரு பழைய தந்திரம்: மாஸ்கிங் டேப்பைப் பசையின்மேல் அழுத்தி, எடுத்து, மறுபடி அழுத்தி. பசை தன்னினத்தோடுதான் எளிதில் சேரும். பட்டியின் விளிம்பு ஓரிடத்தில் முடிமுனை அளவு தூக்கியிருந்தது. அந்த எழுத்தை மட்டும் விளிம்பிலிருந்து உள்நோக்கி இழுக்காமல், உள்ளிருந்து விளிம்பை நோக்கி இழுத்தேன். மதியம் வரை ஆயிற்று. வண்ணம் வரவில்லை. அண்ணன் அதுவரை தேநீர்க் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தார்.

நான்காம் நாள் முடிவில் ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, துடைத்துவிட்டு விலகி நின்று பார்த்தோம். பசை துளியும் இல்லை. ஆனால் ‘ஹேவ்லாக்’ அப்படியே இருந்தது.

பொருள் எதுவும் இல்லாத எழுத்து. விரலால் தடவினால் தெரியாது. சாய்ந்த வெயிலில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். கதவு முழுதும் மங்கிய செங்கல் நிறம்; எழுத்துகள் மட்டும் 2017இல் வாங்கிய அன்றிருந்த சிவப்பு. அண்ணன் உடனே துணியை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். இன்னும் பசை இருப்பதாக நினைத்துவிட்டார். பட்டறைகளில் பெரும்பாலான கதவுகள் கெடுவது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணுக்குத் தெரிவது அழுக்கு என்று எண்ணி, போகும்வரை தேய்க்கிறார்கள். உண்மையில் எழுத்து இருந்த இடம்தான் நல்ல நிலையில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கதவுதான் வெயிலில் வெந்துபோயிருக்கிறது. எந்த இடத்தைத் தேய்க்கவேண்டும் என்பதே தலைகீழாகிவிடுகிறது.

சிவப்பில் இது மற்ற நிறங்களைவிடத் துலக்கமாகத் தெரியும், ஏனெனில் பல சிவப்பு நிறமிகள் வெயிலுக்கு எளிதில் தளர்ந்துபோகின்றன. வெள்ளை வண்டியாக இருந்திருந்தால் இவ்வளவு தெரிந்திராது. மேற்பரப்பின் மங்கலை நுண்ணிய ரப்பிங் காம்பவுண்டால் கையால் மெல்லத் தேய்த்துக் குறைக்கலாம். எழுத்தைச் சுற்றியுள்ள பரப்பை, எழுத்தைவிட அதிகமாக. ஆனால் ஒவ்வொரு தேய்ப்பும் கிளியர் கோட்டிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொண்டுதான் போகும். என் கருவி மொத்தத் தடிமனைச் சொல்லும். அதில் கிளியர் கோட் எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது. ஆகவே இரண்டு சுற்று தேய்த்துவிட்டு நிறுத்தச் சொன்னேன். எழுத்து பாதி மங்கியிருந்தது. மீதி நிறமியிலேயே ஏறிவிட்ட வேறுபாடு. அதை அகற்றக் கதவுக்கு வண்ணம் அடிப்பதைத் தவிர வழியில்லை. மெழுகு போட்டு மூடினோம்.

அண்ணனுக்கு மனம் ஆறவில்லை. “படிக்க முடியுதே தம்பி” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆய்வகத்தில் கொட்டலசை எடுத்தபிறகு தகட்டில் வட்டம் வட்டமாக வெளிறிய அடையாளங்கள் இருக்கும். அவற்றையும் குறித்துக்கொள்ளச் சொல்வார் என் வழிகாட்டி. நான் அன்று கதவைப் படம் எடுத்துக்கொண்டேன். அண்ணனுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, இருக்கவுமில்லை.

ரங்கத்துக்காரர் மறுவாரம் வந்தார். மாலை நான்கு மணி. எழுத்து நன்றாகத் தெரியும் நேரம். வேண்டுமென்றே மதியம் வரச்சொல்லலாமா என்று அண்ணன் கேட்டிருந்தார், பிறகு அவரே வேண்டாம் என்றுவிட்டார். வந்தவர் நான்கு கதவுகளையும் சுற்றிவந்தார். விரல் நுனியால் தடவிப் பார்த்தார். பட்டி அடித்த கதவு எது என்று கேட்டார். அண்ணன் மறைக்காமல் காட்டினார். ‘ஹேவ்லாக்’ முன் நின்று, வாயசைத்துப் படித்தார். பிறகு சொன்னார்: “பேரு தெரிஞ்சா தெரியட்டும் அண்ணே. கதவு கெடல. அதே இடத்துல நான் என் ஸ்டிக்கர ஒட்டிக்கிறேன்.” ஐயாயிரம் மட்டும் குறைத்துக்கொண்டார், அது பேரம் பேசியதற்கான மரியாதை. மறுநாள் அதிகாலை ஜிர்க்காடாங் சோதனைச்சாவடியில் வண்டிகள் கூட்டமாகப் புறப்படும் நேரத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

போவதற்கு முன் அவர் என்னிடம் கேட்டது, எந்த ஸ்டிக்கர் ஒட்டினால் நாளைக்கு இப்படிச் சிரமம் வராது என்று. இதே கேள்வி வைத்திருப்பவர்களுக்காக அவருக்குச் சொன்னதையே எழுதுகிறேன். படலத்தில் இரண்டு வகை. உருளைகளுக்கு இடையே அழுத்தி நீட்டிய மலிவு வகை சுருங்கும், சீக்கிரம் நொறுங்கும்; வார்த்துச் செய்த வகை விலை கூடுதல், ஆனால் ஐந்தாறு ஆண்டு கழித்தும் முழுத் துண்டாக வரும். நொறுங்கத் தொடங்கும் வரை காத்திருக்காமல், இந்த வெயிலுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுவது நல்லது. பட்டி அடித்த கதவில் முடிந்தவரை ஒட்டவே வேண்டாம். எப்போதாவது கதவுக்குப் புதிதாக வண்ணம் அடித்தால், உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேறச் சில வாரமாவது விட்டு ஒட்டவேண்டும். இல்லையென்றால் படலத்துக்கு அடியில் கொப்புளம் எழும். ஒட்டிய தேதியைக் கதவின் உட்புறம் பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். உடனே பேனா கேட்டார்; கதவைத் திறந்து எழுதப் போனவர், தேதி ஒட்டுகிற அன்றைக்கு எழுதவேண்டியது என்று நினைவு வந்து பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.